எப்பாவல பொஸ்பேட்: எங்கே நேராகப் போடலாம், எங்கே கூட்டெருவோடு சேர்த்துப் போட வேண்டும்

பொஸ்பரஸ் சத்துக்காகப் போடும் கல்தூளான எப்பாவல பொஸ்பேட்டை வாங்கிப் போட்டவர்கள் என்னிடம் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். "தேயிலைக்குப் போட்டேன், நல்லாத்தான் இருக்கு" என்பார் ஒருவர். "சோளத்துக்குப் போட்டேன், வெறும் மண்ணைக் கொட்டின மாதிரி" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மை. இரண்டு மூட்டையிலும் இருந்தது ஒரே தூள். மாறியது மண்.

நான் பண்டாரவளைப் பக்கம் கொஞ்சம் தேயிலையும் கொஞ்சம் மரக்கறியும் செய்கிறேன். முன்பு தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை பார்த்தவன். அக்கா குடும்பம் வவுனியாவில் உழுந்து, சோளம், நிலக்கடலை, பத்துப் பன்னிரண்டு தென்னை என்று செய்கிறது. ஒரே பசளையை மலையிலும் வன்னியிலும் கையாண்டு பார்க்கிற வாய்ப்பு இதனால் எனக்குக் கிடைத்தது. நான் எழுதப் போவது இந்த இரண்டு மண்ணையும் வைத்துத்தான்.

முதலில் கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். எப்பாவல அநுராதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1971இல் அங்கே பொஸ்பேட் படிவு இருப்பதைப் புவிச்சரிதவியல் திணைக்களம் கண்டுபிடித்தது. கையிருப்பு சுமார் 60 மில்லியன் தொன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எரிமலைக் குழம்போடு வந்த பாறையில் உருவான அபடைட் என்ற கனிமம் அது. சுரங்கத்தில் பச்சை நிறத்தில் ஆறு பக்கப் படிகங்களாகவும், அவற்றைச் சுற்றிப் பழுப்பு நிற மண்ணாகவும் கிடக்கும். அரைத்து மூட்டையில் வரும்போது பழுப்புத் தூள்.

அந்தத் தூளில் பொஸ்பரசுக்குக் குறைவில்லை. நூறு கிலோவில் 30 கிலோ அளவுக்கு பொஸ்பரஸ் பென்ரொக்சைட் இருக்கும், தெரிந்தெடுத்த உயர்தரக் கல்லில் அதைவிடக் கூட. ரி.எஸ்.பி. என்ற ட்ரிபிள் சுப்பர் பொஸ்பேட் பசளை மூட்டையில் 46 வீதம். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ரி.எஸ்.பி.யில் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீரில் கரையும், எப்பாவலத் தூளில் இருப்பது தண்ணீரில் கரையவே கரையாது. இரண்டு வீதச் சித்திரிக் அமிலத்தில் போட்டுக் குலுக்கினாலும் சிறு பங்குதான் கரைகிறது. கடல் படிவாக உருவான பொஸ்பேட் கற்கள் சில இதைவிட எளிதில் கரையும். நம்முடையது நெருக்கமாகப் படிகமான கல், அதனால் பிடிவாதம் கூட.

நம்முடைய பல்லும் எலும்பும் இதே குடும்பத்துக் கனிமம். புளிப்பு பட்டுக்கொண்டே இருந்தால் பல் அரிக்கிறது அல்லவா, இந்தக் கல்லும் அப்படித்தான் கரையும். ஆகவே மூட்டையை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைக் கரைக்கும் அமிலம் எங்கிருந்து வரப்போகிறது? மண்ணிலிருந்து வரலாம், குப்பை உக்கும்போது வரலாம், பயிரின் வேரிலிருந்து வரலாம், தொழிற்சாலையிலிருந்தும் வரலாம். இந்த நாலில் எதுவும் இல்லாத இடத்தில் போட்டால் கல் கல்லாகவே கிடக்கும்.

மண்ணைப் பாருங்கள்

மண்ணின் பிஎச், அதாவது புளிப்பு அளவு (7 நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்புக் கூட), தெரியாமல் எப்பாவல பொஸ்பேட் வாங்காதீர்கள். காணியில் வளைந்து வளைந்து நடந்து, பத்துப் பதினைந்து இடத்தில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆறு அங்குல ஆழம் வரை மண் எடுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். பசளை மூட்டை வைத்திருந்த வாளியில் எடுக்க வேண்டாம். தேயிலை என்றால் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம், தென்னை என்றால் லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம். மற்றப் பயிர்களுக்கு விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எங்கே அனுப்புவது என்று சொல்வார்.

முடிவு வந்ததும் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். பிஎச் 5.5க்குக் கீழே, மழை தாராளம், மண்ணில் சேதனப் பொருள் இருக்கிறது என்றால் நேராகவே போடலாம். 5.5க்கும் 6.5க்கும் நடுவில் என்றால் கூட்டெருவோடு சேர்த்துப் போடுங்கள், அல்லது நீண்டகாலப் பயிருக்கு மட்டும் போடுங்கள். அதற்கு மேலே போனால் தூளைத் தனியாகப் போட்டுப் பிரயோசனம் இல்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கும் செம்மண்ணுக்கு நான் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்வதில்லை. கல் கரைந்தால் கல்சியமும் பொஸ்பேட்டும் வெளியே வரும். மண்ணில் ஏற்கெனவே கல்சியம் நிறைந்திருந்தால் அந்தக் கரைதல் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும்.

நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறிக்காரருக்கு இன்னொரு சொல். உருளைக்கிழங்கு, லீக்ஸ், கோவா என்று வருசக்கணக்காக ரி.எஸ்.பி.யும் கோழி எருவும் அள்ளிப் போட்ட பாத்திகளில் பொஸ்பரஸ் தேவைக்கு மேல் தேங்கிக் கிடக்கிறது. அந்த மண்ணுக்கு எப்பாவலயும் வேண்டாம், ரி.எஸ்.பி.யும் வேண்டாம். பரிசோதனையில் பொஸ்பரஸ் கூட என்று வந்தால் அந்தப் போகத்துக் காசை நல்ல விதைக்குச் செலவழியுங்கள்.

மலையில் நேராகப் போடும்போது

தேயிலை மண் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால்தான் தேயிலைக்கே நல்லது. அதே அளவுதான் இந்தக் கல்லுக்கும் வேண்டும். தேயிலைக் கலவைகளில் பொஸ்பேட்டுக்கு எப்பாவலத் தூள் சேர்க்கப்படுவது இதனால்தான். தேயிலை அமோனியமாக நைதரசனை எடுக்கும்போது வேரைச் சுற்றி இன்னும் கொஞ்சம் அமிலத்தை விடுகிறது. சல்பேட் ஒப் அமோனியாவோடு சேர்த்துப் போட்டால் கரைதல் கூடுவதற்கும் அதுதான் காரணம். மண்ணும் வேரும் பசளையும் ஒரே பக்கம் இழுக்கிற இடம் அது. நாம் குழப்பாமல் இருந்தாலே போதும்.

குழப்புவது பெரும்பாலும் டொலமைட், மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் சுண்ணாம்பு வகைத் தூள். கவ்வாத்து வெட்டியதும் டொலமைட் போடுவது வழக்கம், போடவும் வேண்டும். ஆனால் அதே வாரத்தில் அதே நிலத்தில் எப்பாவலத் தூளையும் தூவினால், அமிலத்தை டொலமைட் முதலில் குடித்துவிடும். கல்சியத்தையும் கூட்டிவிடும். இரண்டையும் ஒரே வாளியில் கலந்து தூவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆள்கூலி ஒரு தடவை மிச்சம், பொஸ்பேட் நட்டம். பொஸ்பேட்டை முந்திய மழைக்குப் போடுங்கள், சில மாதம் மண்ணோடு கிடக்கட்டும், டொலமைட் அதற்குப் பிறகு வரட்டும். டொலமைட்டும் மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு மேல் வேண்டாம்.

ஊவாப் பக்கம் எங்களுக்கு ஒக்டோபரில் மழை பிடிக்கும், ஜனவரி வரை நனைந்த மண். நான் தூள் போடுவது அந்த மழையின் தொடக்கத்தில். ஜூன், ஜூலைக் காற்றில் போட்டால் பாதி அடுத்த காணிக்குப் போய்விடும், மீதி ஈரமில்லாமல் சும்மா கிடக்கும். சரிவில் வெறுமனே மேலே தூவிவிட்டு வர வேண்டாம். பொஸ்பரஸ் மழைநீரோடு கீழே இறங்கிக் கழுவப்படுவது குறைவு. மண் அரித்துக்கொண்டு போகும்போதுதான் அது கானில் சேர்ந்து ஆற்றுக்குப் போகிறது. செடிகளுக்கு இடையில் மண் கிளறும் இரும்பு முள்ளால் குத்தி, தூளை விழுத்தி, வெட்டிப் போட்ட கொப்பு இலையால் மூடிவிடுங்கள். தூள் எவ்வளவு மண்ணைத் தொடுகிறதோ அவ்வளவு கரையும். ஒரே இடத்தில் குவித்தால் கரையாது. ரி.எஸ்.பி.க்கு நேர்மாறான பழக்கம் இது: ரி.எஸ்.பி.யைப் பயிரின் பக்கத்தில் ஒரு கோடாக வைப்போம், இதைப் பரப்பி மண்ணோடு கலப்போம்.

புதிதாகத் தேயிலை நடும்போது கிடைப்பதுதான் நல்ல சந்தர்ப்பம். நடுகுழி மண்ணோடு கலந்துவிட்டால், பிறகு அந்த ஆழத்துக்கு உங்கள் முள்ளு போகாது. வேர் போகும்போது தூள் அங்கே காத்திருக்கும்.

வாங்கும்போது தூளை விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். முகத்துக்குப் பூசும் மா மாதிரி வழுக்க வேண்டும், மணல் மாதிரி நறநறக்கக் கூடாது. மணல் பருமனில் இருப்பது வருசக்கணக்கில் அப்படியே கிடக்கும். கையளவு தூளில் கொஞ்சம் வினாகிரி ஊற்றியும் பார்க்கலாம். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எப்பாவலத் தூள் அப்படிப் பொங்காது. தூவும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். நைசான கல்தூள் நெஞ்சுக்கு ஆகாது.

வன்னிக்குக் கூட்டெரு

அக்கா காணி மண் செம்பழுப்பு, பிஎச் ஆறரையைச் சுற்றி. நாலு மாதத்தில் முடிகிற சோளத்துக்கு அங்கே தூளை நேராகப் போட்டால் தூள் கண் விழிப்பதற்குள் சோளம் முறித்தாகிவிடும். இந்த மண்ணில் அமிலத்தை நாம் கொடுக்க வேண்டும். குடும்பமாகச் செய்யக்கூடிய வழிகளில் நான் நம்புவது பொஸ்பேட் கூட்டெரு.

குப்பை உக்கும்போது நுண்ணுயிர்கள் சித்திரிக், ஒக்சாலிக், குளுக்கோனிக் என்று பலவகைச் சேதன அமிலங்களை விடுகின்றன. ஒக்சாலிக், சித்திரிக் இரண்டும் அமிலமாக அரிப்பதோடு கல்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். கல்சியம் விலகினால் பொஸ்பேட் அவிழும். பிறகு நுண்ணுயிர் அந்தப் பொஸ்பரசைத் தன் உடம்புக்குள் எடுத்துக்கொள்கிறது. மண்ணின் இரும்பும் கல்சியமும் அதை மறுபடி பூட்டிவிடாமல் கொஞ்சக் காலம் காப்பது இந்த உயிர்தான்.

நாங்கள் போடும் அளவு சுலபமானது: ஒரு தொன் பச்சையும் காய்ந்ததுமான குப்பைக்கு ஓர் அந்தர், அதாவது 50 கிலோ எப்பாவலத் தூள். மூன்று மாதத்தில் ஒரு தொன் குப்பை அரைத் தொன் அளவுக்கு வற்றும். தூள் 30 வீதம் என்றால் அந்த அரைத் தொன் எருவில் 15 கிலோ பொஸ்பரஸ் பென்ரொக்சைட் இருக்கிறது. அது எல்லாம் கரைந்த பொஸ்பரஸ் இல்லை. ஒரு பங்குதான் உடனே பயிருக்குக் கிடைக்கும். மீதி அமிலம் தொட்ட நிலையில் எருவோடு சேர்ந்து வேருக்குப் பக்கத்தில் கிடக்கும். தொன்னுக்கு இரண்டு அந்தருக்கு மேல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குப்பை விடும் அமிலத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

குவியல் போடுகிற இடம் மரநிழலாக, வெள்ளம் நிற்காத மேடாக இருக்க வேண்டும். அகலம் ஐந்தடி, உயரம் நாலடி, நீளம் உங்கள் குப்பையைப் பொறுத்தது. அடியில் காற்றுப் போக ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளி. அதன் மேல் வைக்கோல் அல்லது சோளத்தட்டு ஓர் அடுக்கு, கிளிசரியா இலை ஓர் அடுக்கு. மலையில் என்றால் கிளிசரியாவோடு காட்டுச் சூரியகாந்தியும் சேருங்கள். தேயிலைக் கரையிலும் வீதி ஓரத்திலும் மஞ்சள் பூவோடு நிற்கிறதே, அதேதான். அதன் இலை சீக்கிரம் உக்கும், இலையிலேயே பொஸ்பரசும் நல்ல அளவில் இருக்கிறது. மாட்டெருவைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, எப்பாவலத் தூளை அந்தக் கூழிலேயே கலந்து ஒவ்வோர் அடுக்குக்கும் தெளியுங்கள். காய்ந்த தூளாகத் தூவினால் ஓரிடத்தில் கட்டியாகும், காற்றிலும் போகும். கூழில் கலந்தால் ஒவ்வோர் இலையிலும் பழுப்பாகப் பூசினாற்போல் பிடிக்கும். வாளியின் அடியில் தூள் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு தடவை அள்ளும்போதும் தடியால் கலக்கிக் கலக்கி ஊற்ற வேண்டும். இந்த வேலையை அக்காவின் மகள்தான் செய்வாள். மற்றவர்கள் செய்தால் கடைசி வாளியில் முழுத் தூளும் கிடக்கும் என்பது அவள் வாதம், அது சரியும்கூட. பழைய கூட்டெரு இரண்டு மூன்று வாளி நடுநடுவே போட்டால் நுண்ணுயிருக்கு அதுவே விதை.

இனிப் போடக் கூடாதவை. கூட்டெருக் குவியலில் அடுப்புச் சாம்பல் போடுவது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பழக்கம், சிலர் டொலமைட்டும் தூவுவார்கள். பொஸ்பேட் கூட்டெருவில் இரண்டும் கூடாது. சாம்பல் காரம், அமிலத்தை அழித்துவிடும். சாம்பலைத் தனியாக வைத்து வாழைக்குப் போடுங்கள், பொட்டாசியம் அங்கே பயன்படும். முட்டைக் கோழியின் எருவும் இந்தக் குவியலுக்கு வேண்டாம். முட்டைக் கோழிக்குச் சிப்பித்தூளும் சுண்ணாம்பும் தீனியில் கொடுக்கிறார்கள், அது எருவில் கல்சியமாக வரும். பொஸ்பரசும் அதில் ஏற்கெனவே நிறைய இருப்பதால் வேறு பாத்திக்குத் தனியாகப் போடுவதே நல்லது.

ஈரத்தைக் கையால் பாருங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. மூன்றாம் நாலாம் நாள் அலவாங்கை நடுவில் குத்தி வைத்து, சிறிது நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் குவியல் வேலை செய்கிறது. சூடு இல்லை என்றால் பச்சையிலை போதாது, அல்லது ஈரம் போதாது. இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தடவை, ஒன்றரை மாதத்தில் இன்னொரு தடவை, வெளியில் கிடப்பது உள்ளே போகும்படி புரட்டுங்கள். மேலே தென்னோலையோ வாழையிலையோ போட்டு மூடுங்கள். மழையில் திறந்து கிடந்தால் கரைந்த சத்துத்தான் முதலில் ஓடும்.

மூன்று மாதம் கழித்துக் குவியல் ஆறி, மண் மணம் வந்து, இலை இலையாகத் தெரியாமல் உதிர்ந்தால் எரு தயார். உள்ளே பழுப்புத் தூள் இன்னும் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

பொஸ்பேட் கரைக்கும் பற்றீரியா என்று பொதியில் விற்கிறார்கள். வாங்குவதானால் திகதி பாருங்கள், கடையில் வெயில் படும் இடத்தில் வைத்திருந்தால் வாங்காதீர்கள். அதைக் காய்ந்த நிலத்தில் தூவுவதைவிடக் குவியலின் சூடு அடங்கிய பிறகு, இரண்டாவது தடவை புரட்டும்போது சேர்ப்பது நல்லது. சூடான குவியலில் போட்டால் செத்துப்போகும்.

வயலுக்குக் கொண்டுபோகும்போது

கால் ஏக்கர் சோளத்துக்கு ஒரு தொன் குப்பையில் கிடைத்த எரு போதும். பரவலாக எறியாமல் விதைக்கும் சாலில் ஒரு கைப்பிடி வீதம் இட்டு, மேலே கொஞ்சம் மண் தள்ளி, அதற்கு மேல் விதை போடுங்கள். வெறும் தூளைப் பரப்பச் சொன்னவன் எருவைச் சாலில் இடச் சொல்கிறேன். எருவுக்குள் கரைந்த பொஸ்பரஸ் இருப்பதால் அதை வேர் முதலில் தொடும் இடத்தில் வைப்பது லாபம். பரப்பினால் மண் பிடித்துக்கொள்ளும்.

முதல் போகத்திலேயே ரி.எஸ்.பி.யை முழுவதும் நிறுத்தாதீர்கள். விவசாயத் திணைக்களம் சொல்லும் அளவில் பாதியை ரி.எஸ்.பி.யாகவும் மீதியைப் பொஸ்பேட் கூட்டெருவாகவும் கொடுங்கள். முளைத்த முதல் மாதத்தில் செடிக்குக் கரைந்த பொஸ்பரஸ் வேண்டும். அது கிடைத்தால் வேர் படரும், படர்ந்த வேர் மீதிக் கல்லைத் தேடிப் போகும். சோளக் குருத்தின் கீழ் இலைகள் ஓரத்தில் ஊதா நிறம் ஓடினால் அந்த முதல் மாதப் பட்டினியைத்தான் காட்டுகிறது. அடுத்தடுத்த போகங்களில் மண் பரிசோதனையைப் பார்த்து ரி.எஸ்.பி.யைக் குறைத்துக்கொண்டு போகலாம்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அதே வருசக் கடைசியில் திரும்பவும் விட்டார்கள். இடையில் எத்தனையோ பேர் எதையாவது போடுவோம் என்று எப்பாவலத் தூளை நெல்லுக்கும் சோளத்துக்கும் நேராகக் கொட்டினார்கள். அந்தக் குடும்பங்களின் நட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. இந்தத் தூள் ரி.எஸ்.பி.க்கு ஒரே இரவில் மாற்று ஆகாது. வருசங்களில் ஆகும், அதுவும் பக்குவப்படுத்தினால். நெல்லுக்கு இன்னும் கவனம். தண்ணீர் கட்டி நிற்கும்போது அமில மண்ணும் நடுநிலைக்கு வந்துவிடும், அங்கே இந்தக் கல் கரைவதற்கு வழி குறைவு.

வேரைக் கொண்டு கரைப்பது மூன்றாவது வழி. உழுந்து, பயறு, நிலக்கடலை, சணல் போன்ற அவரைக் குடும்பப் பயிர்கள் காற்றிலிருந்து நைதரசன் பிடிக்கும்போது வேரைச் சுற்றி அமிலத்தை விடுகின்றன. ஆகவே தூளைச் சோளத்துக்குக் கொடுக்காமல் அதற்கு முன்னால் வரும் அவரைப் பயிருக்குக் கொடுங்கள். சிறுபோகத்தில் தூள் போட்டுச் சணல் விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதுவிட்டால், சணல் எடுத்த பொஸ்பரஸ் உக்கிய இலையாகக் காலபோகச் சோளத்துக்கு வந்து சேரும். தண்ணீர் வசதி இருப்பவர்களுக்கு இது குவியல் புரட்டுவதைவிடச் சுகமான வேலை. ஆனால் மண் பிஎச் ஏழைத் தாண்டினால் சணலின் அமிலமும் போதாது.

தென்னைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அது அறுபது வருசம் நிற்கிற மரம், மெதுவாகக் கரையும் பசளைக்குப் பொறுமையாகக் காத்திருக்கும். மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்தில் புல்லைச் செதுக்கி, மழைத் தொடக்கத்தில் தூளைப் பரப்பி மண்ணோடு கொத்தி, மேலே மட்டை, பொச்சு, கிளிசரியா இலை போட்டு மூடிவிடுங்கள். வறண்ட வலயத்துத் தென்னைக்குக் கூட்டெருவோடு கலந்து போடுவது இன்னும் நல்லது.

கந்தகத்தைக் கொண்டு கரைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கரைக்கலாம். ஐந்து பங்கு கல்தூளுக்கு ஒரு பங்கு கந்தகத்தூள் என்ற கணக்கில் கலந்து ஈரமாக வைத்திருந்தால், மண்ணில் இருக்கும் ஒருவகைப் பற்றீரியா கந்தகத்தைத் தின்று கந்தக அமிலமாக மாற்றும், அது கல்லை அரிக்கும். கந்தகத்தின் விலைக்கு ஏக்கர் கணக்கில் செய்ய முடியாது. வீட்டுத்தோட்டத்தில் நாலு மிளகாய்ப் பாத்திக்குச் செய்யலாம்.

கந்தக அமிலத்தை நேராக ஊற்றுவது பற்றி ஒரே ஒரு வார்த்தை: வேண்டாம். சுப்பர் பொஸ்பேட் அப்படித்தான் தயாராகிறது, ஆனால் அது தொழிற்சாலை வேலை. அமிலம் படும்போது கல்லில் இருக்கும் புளோரினும் குளோரினும் நச்சு வாயுவாகக் கிளம்பும். பற்றரி அமிலம் ஊற்றிப் பார்க்கலாம் என்று பையன்கள் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். நம் கல்லில் இரும்பும் அலுமினியமும் கூட இருப்பதால் தொழிற்சாலைக்கே அது இலகுவான காரியம் இல்லை. அமிலம் கூடச் செலவாகும், கரைந்த பொஸ்பேட்டின் ஒரு பகுதியை அந்த இரும்பு மறுபடி பிடித்துக்கொள்ளும்.

இந்தத் தூளை வீணாக்காதீர்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எப்பாவலயைப் பெரிய அளவில் தோண்டி வெளிநாட்டுக் கம்பனிக்குக் கொடுக்க ஒரு திட்டம் வந்தபோது, அந்த ஊர் விவசாயிகளும் ஒரு விகாராதிபதியும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முழுமையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இல்லாமல் அந்த ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற ஜெயகங்கை, 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் காலத்தில் வெட்டிய கால்வாய், அந்தப் பகுதியால்தான் ஓடுகிறது. வயலையும் கால்வாயையும் காப்பாற்ற அந்த மக்கள் நின்றதால் கல்லும் மிஞ்சியது. ஒரு தடவை தோண்டினால் திரும்ப முளைக்காத பொருள். அதைக் கரையாத மண்ணில் கொட்டுவதற்கு எனக்கு மனம் வராது.

உங்கள் காணியில் பலன் இருக்கிறதா என்று அறிய ஒரு வழி: ஒரே சீரான இடத்தில் மூன்று பாத்தி ஒதுக்குங்கள். ஒன்றில் பொஸ்பரஸ் எதுவும் வேண்டாம், ஒன்றில் ரி.எஸ்.பி., ஒன்றில் பொஸ்பேட் கூட்டெரு. யூரியாவும் பொட்டாசியப் பசளையான எம்.ஓ.பி.யும் மூன்றுக்கும் ஒரே அளவு. பொஸ்பரஸ் போடாத பாத்திக்கும் எப்பாவலத் தூள் சேராத சாதாரணக் கூட்டெரு போடுங்கள், ரி.எஸ்.பி. பாத்திக்கும் அப்படியே. இல்லாவிட்டால் எருவின் பலனைக் கல்லின் பலன் என்று எண்ணிவிடுவோம். கதிரைத் தனித்தனியாக உலர்த்தி நிறுங்கள். அடுத்த போகத்திலும் அதே பாத்திகளில் அதையே செய்யுங்கள். கல்லின் பலன் இரண்டாம் மூன்றாம் போகத்தில்தான் நன்றாகத் தெரியவரும்.

பிறகு மண் பரிசோதனைக்கு அனுப்பும்போது எப்பாவலத் தூள் போட்ட காணி என்று பொதியின் மேல் எழுதிவிடுங்கள். சில பரிசோதனை முறைகளில் மண்ணை அமிலக் கரைசலில் கலக்குவார்கள். அந்த அமிலம் இன்னும் கரையாமல் கிடக்கும் கல்லையும் கரைத்து, மண்ணில் பொஸ்பரஸ் நிறைய இருப்பதாகக் கணக்குக் காட்டிவிடும். எழுதியிருந்தால் ஆய்வுகூடத்தில் அதற்கேற்ற முறையைத் தெரிவுசெய்வார்கள். கடைசியாகத் தூள் போட்ட மாதத்தையும் அளவையும் சேர்த்து எழுதுங்கள்.